மீசைக்கம்பும் கரைவடமும்

"காத்து இழுக்குமாம்ல, காத்து! அப்ப நாங்க எதுக்குலே? கரையில நின்னு கை தட்டவா?"

"மாமா, கம்பக் கீழ வைங்க. வளைஞ்சா நிமிராது அது."

"வளையுதா இல்லையான்னு ஒன் மண்டையில போட்டுப் பாத்துருவோம்."

மலைச்சாமி போட்டும் பார்த்துவிட்டார். முகேஷ்குமார் குனிந்துகொண்டதால் அந்த நீள அலுமினியக் கம்பு அவன் தலைக்கு மேலே விசுக்கென்று போய், தெப்பக் கமிட்டித் தலைவர் முத்துச்சாமி உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் இறங்கியது. முதுகு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். இரண்டாவது வீச்சு தப்பவில்லை. மருமகனின் தோள்பட்டையில் விழுந்த அந்தச் சத்தம் அக்கரையில் துணி துவைத்தவர்களுக்கும் கேட்டதாம். அக்கரைக்காரர்களுக்கு எதுதான் கேட்கவில்லை. முகேஷ் கிடா மாதிரி தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்து மாமன் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கரைச் சரிவில், கருவேல முள்ளில், உருண்டார்கள். மேலே நின்ற பொன்னழகு ஒருவருக்குத் தங்கச்சி, மற்றவனுக்கு அம்மா. யார் பக்கம் பேசுவது என்று செத்த நேரம் யோசித்தாள். பிறகு கையிலிருந்த தூக்குவாளியை வீசினாள். அது அண்ணன் காதோரம் பட்டு ரத்தம் வந்ததைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, யோசித்து முடித்துவிட்டாள் என்று.

இவ்வளவும் ஒரு முழப் பட்டுத்துணிக்காக.

சின்னாளபட்டிக்கு வெளியே, சிறுமலையைப் பார்த்துக் கிடக்கிறது மேலக்கண்மாய். அது நிறைகிற வருஷம் தை மாதத்தில் கரையம்மனுக்குத் தெப்பம். டிரம்மும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய மிதவையில் அம்மனை ஏற்றி, கரையிலிருந்து வடம் பிடித்துக் கண்மாயைச் சுற்றி இழுத்து வருவார்கள். அந்த வடம் மலைச்சாமி குடும்பத்துடையது. தறி வைத்திருக்கும் குடும்பம். ஒவ்வொரு சேலையையும் அறுத்து இறக்கும்போது தறியில் மிஞ்சுகிற நூல் துண்டுகளை எறியாமல் சேர்த்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்து முறுக்கிய வடம். அதில் முடிச்சுப் போடுவதும் அவர்கள்தான், அம்மன் கரையில் கால் வைத்தபின் அவிழ்ப்பதும் அவர்கள்தான். நடுத் தண்ணீரில் அந்த முடிச்சு அவிழ்ந்தால் கண்மாய் உடைந்து ஊரைக் கொண்டுபோகும் என்பது பால்குடி மறக்குமுன்பே பிள்ளைகளுக்கு ஏற்றப்படும் பயம். முடிச்சு அவிழ்ந்ததும் பூசாரி அம்மன் தோளில் கிடக்கும் பட்டுத்துண்டை எடுத்து வடக்காரர் தலையில் கட்டுவார். அதுதான் பரிவட்டம்.

அப்பா தலையில் அது ஏறியதை மலைச்சாமி பார்த்திருக்கிறார். அப்பா போனபின் கண்மாய் நிறையவே இல்லை. அவர் மீசையை வளர்த்தார், மீசை நரைத்தது, கண்மாயில் ஆடு மேய்ந்தது. இந்த ஐப்பசியில் அடித்த மழையில் மறுகால் பாய்ந்ததும் வீட்டுக் கண்ணாடி முன் நின்று துண்டைத் தலையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இந்தச் செய்தி வெளியே வந்தது அவர் மகள் சுகன்யா மூலமாகத்தான். அவளுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது, ஒன்றே ஒன்றைத் தவிர. அதற்கு வருவோம்.

கண்மாய் நிறைந்தது, டிரம்முகள்தான் நிற்கவில்லை. கோயில் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்து துருவேறி, தூக்கினால் கையோடு வந்தன. அப்போதுதான் முத்துச்சாமிக்கு முகேஷின் படகு நினைவுக்கு வந்தது. முகேஷ் துபாய்ப் பக்கம் பணக்காரர்களின் பாய்மரப் படகுகளில் வேலை பார்த்தவன். எல்லோரும் அங்கிருந்து நகையும் டிவியும் கொண்டுவந்தால் இவன் ஊர் திரும்பி, தூத்துக்குடியில் யாரோ கழித்துப் போட்ட ஒரு பாய்மரப் படகை வாங்கி, லாரியில் ஏற்றிச் சின்னாளபட்டிக்குக் கொண்டுவந்தான். கடல் இங்கிருந்து எந்தத் திசை என்றுகூடப் பலருக்குத் தெரியாது. கண்மாயில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டப்போகிறேன் என்றான். படகு வந்த அன்று தெருவே சிரித்தது. சிரித்து முடித்தபின் எல்லோரும் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் படகில் அவன் உயிர் போல வைத்திருந்தது அந்தக் கம்பு. இங்கிலீஷில் அதற்கு மீசை என்று அர்த்தம் வருகிற ஏதோ பேர் சொன்னான், ஊர் மீசைக்கம்பு என்று வைத்துக்கொண்டது. காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்போது பெரிய பாய் ஒரு பக்கம் விரியும். முன்னாலிருக்கும் சின்னப் பாய் அதன் நிழலில் மாட்டி, துவைத்த துணி போலத் தொங்கிவிடும். அப்போது கம்பின் ஒரு முனையைப் பாய்மரத்தின் வளையத்திலும் மறுமுனையைச் சின்னப் பாயின் மூலையிலும் மாட்டி, மறுபக்கமாக நீட்டித் தள்ளிவிட்டால் படகு இரண்டு கையையும் விரித்தது போலப் போகும். வேலை முடிந்ததும் கம்பு பக்கவாட்டில் உள்ள இரண்டு கொக்கிகளில் படுத்துக்கொள்ள வேண்டும். தரையில் கிடக்கக் கூடாது, வெயிலில் சாயக் கூடாது. ஒருநாள் மலைச்சாமி அதில் சாயம் போட்ட சுங்குடிச் சேலைகளை உலர்த்தியதற்கு முகேஷ் கண் கலங்கிவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்துச்சாமி கரையில் கூட்டம் போட்டு, இந்த வருஷம் அம்மன் படகில் போவாள், காற்று தள்ளிக்கொண்டு போகும், வடம் வேண்டாம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "படகு ஓட்டுறவனுக்கே பரிவட்டம், அதான முறை" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். மலைச்சாமி எழுந்து போய்க் கொக்கியிலிருந்து கம்பை உருவினார். மீதியைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே.

சமாதானம் சுகன்யாவிடமிருந்து வந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கிடந்த அப்பாவிடம் அவள் சொன்னாள்:

"அப்பா, அந்தச் சின்னப் பாய் மூலையிலருந்து பின்னாடிக்கு ஒரு கயிறு வரும். கம்பு அங்கிட்டு இங்கிட்டு போகாமப் பிடிச்சுக்கிறதே அந்தக் கயிறுதான். அந்தக் கயித்துக்குப் பதிலா நம்ம வடத்தக் கட்டிட்டு, நீங்க படகுல ஒக்காந்து பிடிங்க. இழுக்கிறது காத்துன்னாலும் பிடிக்கிறது நம்ம வடம்தான?"

மலைச்சாமிக்கு அது பிடித்துப்போனது. படகுக் கயிறு இவளுக்கு எப்படி இவ்வளவு விவரமாகத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி. புதன்கிழமைதோறும் பூக்கட்டும் வகுப்புக்குப் போகிறேன் என்று போனவள் எந்தப் பூவையும் கட்டி வந்ததில்லை. முகேஷ் அவளுக்கு அத்தை மகன், முறைதான். கேட்டால் கொடுக்காமலா போவார்கள். ஆனாலும் அவர்கள் கேட்கவில்லை, ஒளிந்து ஒளிந்து போவதில் ஒரு ருசி இருந்திருக்கும்.

முத்துச்சாமியும் ஒப்புக்கொண்டார். வடம் பிடிக்கிற மலைச்சாமிக்கே பரிவட்டம், ஆனால் வடத்தைக் கடைசிவரை கைவிடக் கூடாது. மலைச்சாமி "கைய வெட்டுனாலும் விட மாட்டேன்" என்றார். அப்படியெல்லாம் சொல்லியிருக்க வேண்டாம்.

தெப்பத்துக்கு முந்தின நாள் மாமனை வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான் முகேஷ். தோள்பட்டை இன்னும் நீலமாகத்தான் இருந்தது.

"மாமா, இது கட்டுற கயிறு இல்ல. இந்தக் கட்டையில ரெண்டு சுத்து சுத்தி, நுனியக் கையில வச்சுக்கணும். காத்து திரும்புச்சுன்னா நான் 'விடு'ம்பேன். அம்புட்டுதான், விட்டுரணும். கம்பு தன்னால முன்னாடி போயி அடங்கிரும். கட்டிப்புட்டா அதுக்குப் போக எடமில்ல. மரத்தோட பிச்சுக்கிட்டு வந்துரும்."

"சரி மாப்ள."

"எங்க, விடுங்க பாப்போம்."

மலைச்சாமி விட மனசில்லாமல் விரல் விரலாகப் பிரித்தார். முகேஷ் சிரித்துவிட்டான். அடுத்த நொடி பளாரென்று கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"வடத்தப் பாத்துச் சிரிக்காத."

உதடு கிழிந்து ரத்தம் வந்தது. முகேஷ் துப்பிவிட்டுச் சுக்கானைப் பிடித்தான். அவன் அன்று திருப்பி அடிக்காததை நல்ல குணம் என்று சொன்னவர்கள் உண்டு. நாளைக்கு வைத்திருக்கிறான் என்று சொன்னவர்களும் உண்டு.

தெப்பத்தன்று ரெட்டியார்சத்திரம், அம்பாத்துரை என்று பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் கரையில். வெயில் சாய்கிற நேரம், வாடைக்காற்று சீராக முதுகில். அம்மனைப் படகின் பாய்மரத்தடியில் அமர்த்திப் பட்டுக்கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் பூசாரி முருகேசன். அவருக்கு நீச்சல் தெரியாது என்பதைப் படகு நகர்ந்தபின்தான் சொன்னார். பின்னால் சுக்கானில் முகேஷ், அவன் காலடியில் வடத்தோடு மலைச்சாமி.

இரண்டு பாயும் விரிந்து படகு புறப்பட்டபோது கரையில் எழுந்த குலவையில் மலைச்சாமிக்கு மயிர் சிலிர்த்தது. அப்பா இருந்தால் பார்த்திருப்பார் என்று நினைத்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. அம்மன் தண்ணீரில் போகிறாள், வடம் வெறும் கையில் இருக்கிறது, முடிச்சில்லாமல். இதுவரை எந்த வடக்காரனும் அம்மனை முடிச்சில்லாமல் அனுப்பியதில்லை. முகேஷ் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். மலைச்சாமி குனிந்து, பின்பக்கத்து இரும்பு வளையத்தில் வடத்தைக் கோத்து, அவருடைய அப்பா போட்ட அதே முடிச்சைப் போட்டார். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. போட்டபின்தான் அவருக்கு மூச்சு வந்தது.

சிறுமலைக்கு நேராகப் படகு வந்ததும் காற்று செத்தது. செத்த நேரம் ஒன்றுமில்லை. பிறகு மலை இடுக்கிலிருந்து மறுபக்கமாக ஒரு வீச்சு இறங்கியது. பெரிய பாய் அதன் அடியில் கட்டிய கட்டையோடு படாரென்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்தது. பூசாரியின் குடுமி நுனியை உரசிக்கொண்டு போனது. சின்னப் பாய் எதிர்ப்பக்கமாக உப்பி, மீசைக்கம்பு வில் போல வளைந்தது.

"விடுங்க மாமா! விடுங்க!"

மலைச்சாமி அசையவில்லை. முகேஷ் திரும்பிப் பார்த்தான். முடிச்சைப் பார்த்தான்.

"கட்டிட்டியா? யோவ், கட்டிட்டியாய்யா? அவுரு!"

"அம்மன் கரையேறாம அவுக்க மாட்டேன்."

"படகு கவுந்துரும்யா!"

"கண்மாய் ஒடைஞ்சுரும்லே!"

முகேஷ் இடுப்புக் கத்தியை எடுத்தான். வடத்தில் வைக்கப் போன கையை மலைச்சாமி பிடித்து முறுக்கினார். கத்தி அவர் உள்ளங்கையைத் திறந்தது. மஞ்சள் வடத்தில் சிவப்பு ஓடியது. அவர் கையை விடவில்லை. முகேஷ் சுக்கானை விட்டுவிட்டு முழங்காலால் அவர் நெஞ்சில் இடித்தான், முந்தின நாள் அறை, அதற்கு முந்தின அடி எல்லாவற்றுக்கும் சேர்த்து. அவர் அவன் காதைக் கடித்தார். கடித்ததை விடாமல் உறுமினார். படகு சாய்ந்து ஒரு பக்கம் தண்ணீர் ஏறியது. பூசாரி அம்மனைக் கட்டிக்கொண்டு, "ஆத்தா, இவங்கள நீயே பாத்துக்க, என்னய மட்டும் கரையில விடு" என்று அலறியது கரையில் எடுத்த போன் வீடியோவிலெல்லாம் தெளிவாகக் கேட்கிறது.

அப்போது பாய்மரத்து வளையம் பிய்ந்தது. கம்பின் உள்முனை விடுபட்டு, பாயின் மூலையில் தொங்கிக்கொண்டு, பைத்தியம் பிடித்த மாட்டின் கொம்பு போல நாலா பக்கமும் வீசியது. முதல் வீச்சில் படகின் விளிம்பு நொறுங்கியது. இரண்டாவது வீச்சு மலைச்சாமியின் தாடையில் விழுந்தது. பல் சிதறியது. வாய் ஒரு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. மூன்றாவதில் பாய் மூலையோடு கிழிந்து, கம்பு பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்து அமிழத் தொடங்கியது.

சுகன்யா கரை விளிம்பில் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மல்லாந்து கிடக்கிறார், வாயிலிருந்து ரத்தம் கொப்பளிக்கிறது. அவருக்கு ஒரு முழ தூரத்தில் முகேஷ். அவன் மாமனைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். "ஐயோ, கம்பு!" என்று கத்திக்கொண்டு கம்பின் பின்னால் குதித்தான்.

ஓட்ட ஆளில்லாத படகு பக்கவாட்டில் மிதந்து கரைக்கு வந்தது. பாயிலிருந்து கிழிந்துவந்த வடத்தின் நுனி பின்னால் தண்ணீரில் இழுபட்டு வந்தது. மறுமுனை இரும்பு வளையத்தில், முடிச்சு கல் போல. சனம் இறங்கி வடத்தைப் பிடித்தது. ஆக, காற்றில் போன அம்மன் கடைசியில் வடத்தில்தான் வந்தாள். பின்பக்கமாக வந்தாள் என்பது வேறு விஷயம்.

கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீந்திவந்த முகேஷைக் கரையில் வைத்து ஊர் மிதித்தது. முத்துச்சாமியே முதல் உதை, இவன் குனிந்ததால் போன நாற்காலிக் கணக்கு. முகேஷ் கம்பைச் சுழற்றியதில் ஒருவருக்கு முழங்கை விட்டது, இன்னொருவருக்கு நெற்றி பிளந்தது. பொன்னழகு கையில் கிடைத்த தேங்காய்களையெல்லாம் மகனை அடித்தவர்கள் மேல் எறிந்தாள். அர்ச்சனைத் தேங்காய்தான். அன்றைக்கு அவை உடைந்த இடங்கள் வேறு.

மலைச்சாமியைத் தூக்கிப்போக வந்தவர்களை அவர் எட்டி உதைத்தார். அம்மனை இறக்கிக் கரையில் வைக்கும்வரை படகை விட்டு இறங்கவில்லை. பிறகு வெட்டுப்பட்ட கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். இழுபட்டு இறுகியிருந்ததால் நேரம் பிடித்தது. ரத்தத்தில் விரல் வழுக்கியது. அவிழ்த்து முடித்ததும் தலையைக் குனிந்து பூசாரி முன் நின்றார். பேச வாயில்லை. தாடை கழுத்துப் பக்கம் தொங்கியது.

முருகேசன் அம்மன் தோளிலிருந்து பட்டுத்துண்டை எடுத்தார். நெற்றிக்குக் கொண்டுபோனார். தாடையைப் பார்த்தார். பிறகு துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, இரண்டு காதையும் மறைத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். மலைச்சாமி அந்தக் கோலத்தோடே நிமிர்ந்து ஊரைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. வலியா சந்தோஷமா என்று கேட்கவா முடியும்.

அது பரிவட்டமா, தாடைக்குக் கட்டிய கட்டா என்று ஊர் இன்றுவரை இரண்டுபட்டுத்தான் கிடக்கிறது. முத்துச்சாமி கட்டு என்கிறார். அது உச்சியில் முடிந்தது, ஆகவே பரிவட்டம் என்கிறது மலைச்சாமி கட்சி. இதற்காக டீக்கடையில் இரண்டு முறை கண்ணாடி டம்ளர் உடைந்தது.

போலீஸ் வருமுன் முகேஷ் கரையில் உட்கார்ந்து கம்பைத் தொடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் வளைந்திருந்தது. சுகன்யா அவன் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"கம்புல ஈரமா இருக்கு மச்சான். நல்லாத் தொடச்சு, எடுத்த எடத்துல மாட்டிவையி" என்றாள். புதன்கிழமைப் பூ வகுப்பு அன்றோடு நின்றது.

திண்டுக்கல்லில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் மலைச்சாமியின் மீசையை மழித்து, மேல்வாயையும் கீழ்வாயையும் கம்பி போட்டுக் கட்டினார்கள். கட்டுப் பிரிவில் வேலை பார்த்த விக்னேஷ்குமார் நெய்க்காரப்பட்டிப் பையன். "ஏனுங்க, உங்கப்பாவுக்கு ஆத்திரம் வந்தாக் கம்பி கழண்டுக்குமுங்க, செரியா பாத்துக்கோணும்" என்று சுகன்யாவிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்ல வேண்டிய அவசியம் இருந்ததா என்பதை அந்த வார்டு நர்சுகளிடம்தான் கேட்க வேண்டும். அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது வாய் மட்டும் திறந்திருந்தால் மலைச்சாமி அந்தச் சம்பந்தத்துக்குக் குதித்து ஆடியிருப்பார். தலையை ஆட்டி மறுக்கலாம்தான், பக்கவாட்டில் ஆட்டினால் உயிர் போனது. மேலும் கீழும் ஆட்டினால் வலிக்கவில்லை.

முகேஷ் படகை விற்காமல் கொச்சிப் பக்கம் கொண்டுபோய்விட்டான். பொன்னழகும் கூடவே போய்விட்டாள், அண்ணனிடம் சொல்லாமல். வளைந்த கம்பை மட்டும் கரையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். அது இப்போது மலைச்சாமி வீட்டுக் கொல்லையில் இரண்டு கல்தூணுக்கு நடுவே கிடக்கிறது. அதன் வளைவில் சுங்குடிச் சேலைகளெல்லாம் நடுவில் வந்து சேர்ந்துவிடுகின்றன என்று அவர் தினமும் திட்டுகிறார். மீசை மறுபடி வளர்ந்துவிட்டது, தாடை உடைந்த பக்கம் கொஞ்சம் கோணலாக.

சுகன்யா கல்யாணம் வைகாசியில் பழனியில் நடந்தது. சரி சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம், வீட்டுப் பக்கத்தில் கண்மாய் உண்டா என்று.

"இல்லீங்க, எங்களுக்குப் போர்த்தண்ணிதானுங்க" என்றிருக்கிறான் விக்னேஷ். கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே நெய்க்காரப்பட்டிக்குப் போய்விட்டாள்.